ஆபரேஷன் நாள் நெருங்கும்போது தோலில் தடிப்பு: காரைக்குடிப் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

ஆபரேஷன் தியேட்டரில் 27 வருடம் நர்ஸாக நின்றவள் நான். இப்போது ஓய்வு பெற்றுக் காரைக்குடியில் இருக்கிறேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல், தேவகோட்டை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து, மதுரையிலோ திருச்சியிலோ ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டவர்கள் போன் செய்வார்கள். அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. நாள் நெருங்கிவிட்டது, தோலில் ஏதோ கிளம்பியிருக்கிறது, என்ன செய்வது?

நான் டாக்டர் இல்லை. உங்களுக்கு ஆபரேஷன் செய்யப்போகிறவர் சொல்வதுதான் முடிவு. அவரிடம் எதை, எப்போது, எப்படிச் சொல்வது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வர்ற வியாழக்கிழமை ஆத்தாவுக்கு முட்டி மாத்துற ஆபரேஷன். முந்தாநாளிலேர்ந்து முட்டியில தடிச்சுச் சிவந்திருக்கு. தம்பி சிங்கப்பூர்லேர்ந்து லீவு போட்டு வந்திருக்கான். சொன்னாத் தள்ளிப் போட்டுருவாங்களே சிஸ்டர்?

தள்ளிப் போடலாம். அப்படியும் இன்றைக்கே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அம்மாவுக்கும் இதே ஆபரேஷன். என் தம்பி மூன்று வார லீவில் வந்திருந்தான். நாள் குறித்த பிறகு வலி பொறுக்க முடியாமல், யாரோ சொன்னார்கள் என்று எருக்கிலையை அனலில் வாட்டி ராத்திரி ராத்திரி முட்டியில் கட்டியிருக்கிறார். எருக்கம்பால் பட்டால் தோல் வெந்துபோகும். நான்கைந்து நாளில் முட்டியைச் சுற்றிக் கொப்புளம். வெளியே சொன்னால் ஆபரேஷன் நின்றுவிடும், மகன் லீவு வீணாகிவிடும் என்று சேலைக்குள்ளேயே மறைத்துவிட்டார். தியேட்டர் மேசையில் படுக்கவைத்து, மருந்து போட்டுத் துடைக்கத் துணியை விலக்கியபோதுதான் தெரிந்தது. டாக்டர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். அது சரியான முடிவு. ஐந்து வாரம் கழித்து நல்லபடியாக ஆபரேஷன் நடந்தது. தம்பி பக்கத்தில் இல்லை.

எத்தனையோ பேருடைய முழங்காலை அந்த மேசையில் பார்த்த நான் என் அம்மாவின் முழங்காலை முந்தின நாள் பார்க்கவில்லை. அம்மா நான்கு நாள் முன்னாலேயே சொல்லியிருந்தால், எருக்கிலையை நிறுத்தி, தோல் டாக்டரிடம் காட்டி, தம்பியின் லீவுக்குள்ளேயே இன்னொரு தேதி வாங்கப் பார்த்திருக்கலாம். உங்கள் ஆத்தாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. போனை எடுங்கள்.

முட்டியில் என்ன தேய்த்தார்கள், எதைக் கட்டினார்கள் என்று ஆத்தாவிடம் பக்குவமாகக் கேளுங்கள். வலித் தைலம், எருக்கிலை, நொச்சி ஒத்தடம், புதிதாக வாங்கிய முட்டி உறை இவையெல்லாம் தடிப்பைக் கொண்டுவரும். காரணம் இதுதான் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு சின்னத் தடிப்புக்கா இவ்வளவு? மேலே மருந்து போட்டுத் துடைச்சுட்டுத்தானே கிழிக்கிறாங்க?

வெடிப்போ புண்ணோ இல்லாத தோலைத்தான் அந்த மருந்து நன்றாகச் சுத்தம் செய்யும். வெடித்த தோலையும், நீர் வடிகிற தோலையும் முழுசாகச் சுத்தம் செய்ய முடியாது. எல்லார் தோலிலும் கிருமி இருக்கிறது. கரப்பான் (எக்ஸிமா) மாதிரி தோல் அழற்சி உள்ள இடத்தில் 'ஸ்டாஃபிலோகாக்கஸ்' என்ற கிருமி வழக்கத்தைவிட அதிகமாகக் குடியிருக்கும். சொறிந்து சொறிந்து கீறல் விழுந்திருந்தால் அதற்கு வாசலும் திறந்தாயிற்று.

முட்டி, இடுப்பு மாற்றும் ஆபரேஷனில் இதை இன்னும் கறாராகப் பார்ப்பார்கள். உள்ளே வைக்கும் உலோகத்தில் கிருமி போய் ஒட்டிக்கொண்டால் தன்னைச் சுற்றி ஒரு படலம் கட்டிக்கொள்ளும். எந்த ஆன்டிபயாடிக்கும் அந்தப் படலத்தைத் தாண்டி உள்ளே போகத் திணறும். கடைசியில் வைத்ததையே எடுத்துவிட்டு மறுபடி ஆபரேஷன் செய்யும்படி ஆகலாம். கம்பி, தகடு, இதய வால்வு, குடலிறக்கத்துக்கு வைக்கும் வலை எல்லாவற்றுக்கும் இந்தப் பயம் உண்டு. கத்தி படும் இடத்தில் மட்டும் பார்த்தால் போதாது. காலில் பழுத்த ஒரு கட்டியிலிருந்து ரத்தம் வழியாகவும் கிருமி அங்கே போய்ச் சேரலாம்.

அப்ப எது வந்தாலும் தள்ளிப் போட்டுருவாங்களா?

இல்லை. பித்தப்பை ஆபரேஷனுக்குப் போகிறவருக்குக் கணுக்காலில் பழைய கரப்பான் இருந்தால் பெரும்பாலும் அதற்காக நிறுத்த மாட்டார்கள். அதே கரப்பான் தொப்புளைச் சுற்றி நீர் வடிந்துகொண்டிருந்தால் யோசிப்பார்கள். கத்தி படும் இடமா, கிருமி பிடித்திருக்கிறதா, அடுத்தவருக்குத் தொற்றுமா, உடம்புக்குள் வேறு ஏதோ கோளாறின் வெளி அடையாளமா என்றுதான் அவர்கள் பார்வை போகும்.

ஆபரேஷனின் அவசரமும் கணக்கில் வரும். குடல்வால் வீங்கியவரையோ, விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஐயாவையோ, குடல் இறங்கி மாட்டிக்கொண்டவரையோ தோல் தடிப்புக்காகக் காக்க வைக்க மாட்டார்கள். புற்றுநோய் ஆபரேஷனையும் லேசில் தள்ள மாட்டார்கள். காத்திருக்கக்கூடிய ஆபரேஷன் என்றால் காத்திருக்கச் சொல்வார்கள்.

எதைப் பார்த்தா உடனே ஓடணும்?

தடிப்போடு உதடு, கண்ணிமை, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றி விழப் பார்த்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் ஆபரேஷன் தேதியைப் பற்றி நினைக்காதீர்கள்.

புது மாத்திரை தொடங்கிச் சில நாளிலோ சில வாரத்திலோ காய்ச்சல் வந்து, கண் சிவந்து, வாயில் புண் கிளம்பி, தொட்டாலே தோல் எரிந்தால் அதுவும் அவசரம். தோல் வெந்ததுபோல் உரிந்து வரும் ஒரு கடுமையான மருந்து ஒவ்வாமை இப்படித்தான் ஆரம்பிக்கும். வலிப்பு மாத்திரை, யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அல்லோபியூரினால், சல்பா மருந்துகள், சில வலி மாத்திரைகள் இதற்குப் பேர் போனவை. மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. ஊசி முனையளவு சிவப்புப் புள்ளிகள் காலிலோ வயிற்றிலோ கூட்டமாக வரும். அரிப்பு இருக்காது. கண்ணாடி டம்ளரின் பக்கத்தை அதன்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு அழுத்தும்போது வெளுக்கும். இந்தப் புள்ளி வெளுக்காது, ஏனென்றால் அது தோலுக்கடியில் கசிந்த ரத்தம். ரத்தத்தட்டு குறைந்திருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சல் வந்து போனவர்களுக்கு டெங்குவையும் நினைக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இப்படி வரும். ரத்தம் நிற்குமா என்று தெரியாமல் ஆபரேஷனுக்குப் போகவே கூடாது.

நம் தோல் நிறத்தில் சிவப்பு எடுத்துத் தெரியாது. கருமையாக, கத்தரிப்பூ நிறமாகத்தான் தெரியும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வைத்து அந்த இடம் சுடுகிறதா, வீங்கி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளங்கால், முழங்கையின் உட்பக்கம், கீழிமையின் உள்ளே புள்ளிகள் தெளிவாகத் தெரியும்.

சொல்றதுன்னா யார்கிட்ட சொல்றது? பெரிய டாக்டர் போன் எடுக்க மாட்டாரே.

டாக்டரே எடுக்க வேண்டியதில்லை. அட்மிஷன் தேதி கொடுத்த கவுன்ட்டருக்கோ வார்டு நர்ஸுக்கோ போன் போட்டு, பெயர், ஆபரேஷன், தேதி, தடிப்பு எங்கே, எத்தனை நாளாக என்று சொல்லி, டாக்டரிடம் தெரிவிக்கச் சொல்லுங்கள். சொன்னவர் பெயரைக் குறித்து வையுங்கள். சாயங்காலத்துக்குள் பதில் வராவிட்டால் திரும்ப அழையுங்கள். மதுரைக்கோ திருச்சிக்கோ இரண்டு மணி நேரம் கார் வைத்துக்கொண்டு போய்த் திரும்பி வருவதைவிட இரண்டு போன் செய்வது மேல்.

போட்டோ கேட்பார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் எல்லாத் தோலும் ஒரே நிறமாகத் தெரியும். வளவில் வெயில் நேராகப் படாத இடத்தில் உட்காரவைத்து எடுங்கள். பழைய வீடுகளில் அந்த நடுமுற்றத்து வெளிச்சம் போல வேறெதுவும் வராது. பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்தால் அளவு தெரியும். கிட்டத்தில் ஒன்று, உடம்பில் எந்த இடம் என்று தெரியும்படி தள்ளி நின்று ஒன்று. பால்பாயிண்ட் பேனாவால் தடிப்பின் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு மணியையும் குறியுங்கள். மறுநாள் கோட்டைத் தாண்டிப் பரவியிருந்தால் அது ஒரு முக்கியத் தகவல்.

போட்டோ எடுக்கும் முன் எதையும் தடவாதீர்கள். தடவியிருந்தால் என்னவென்று சொல்லுங்கள்.

சித்திரை வெயில். மாமாவுக்கு முதுகு, கழுத்தெல்லாம் வேர்க்குரு. ரெண்டு வேனல்கட்டியும் இருக்கு.

இரண்டும் வேறு வேறு. வேர்க்குரு என்பது வியர்வைத் துவாரம் அடைபட்டதால் வருவது. குளிர்ந்த இடம், தளர்ந்த பருத்தித் துணி, ஒரு நாளைக்கு இரண்டு முறை குளியல் இருந்தால் சில நாளில் அடங்கும். மதியத்தில் வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டில், காற்றோட்டமாக ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பருத்தித் துண்டு விரித்துப் படுக்கச் சொல்லுங்கள். பவுடரை அள்ளிப் பூச வேண்டாம். அது ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகி இன்னும் அடைக்கும். புதுக் கஞ்சிச் சேலை, புது வேட்டியை ஒருமுறை அலசாமல் கட்டாதீர்கள்.

வேனல்கட்டி அப்படியில்லை. அதற்குள் இருப்பது கிருமி, சீழ். முழங்கால், இடுப்பு, இதய ஆபரேஷனுக்குப் போகிறவர் உடம்பில் எங்கே ஒரு கட்டி இருந்தாலும் சொல்லியாக வேண்டும். பிதுக்காதீர்கள். கட்டி சரியாகிச் சீழ் நின்ற பிறகே தேதி கொடுப்பார்கள். சர்க்கரை உள்ளவருக்குக் கட்டி அடிக்கடி வந்தால் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

குடலிறக்க ஆபரேஷன் இருக்கு. தொடை இடுக்குல படை. மெடிக்கல்ல ஒரு ஆயின்மென்ட் கொடுத்தாங்க, போட்டா அரிப்பு நிக்குது, விட்டாத் திரும்ப வருது.

படர்தாமரை என்கிற பூஞ்சைப் படை இது. கத்தி படும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கண்டிப்பாகக் காட்டுங்கள்.

போட்டால் நிற்கிறது, விட்டால் வருகிறது என்றால் அந்த ஆயின்மென்டில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அது அரிப்பை அமுக்கிவிட்டுப் பூஞ்சைக்கு உரம் போட்டதுபோல் ஆக்கிவிடும். தோல் மெலிந்து, படையின் வடிவமே மாறி, தோல் டாக்டரே இனம் காணத் திணறும்படி ஆகிவிடுகிறது. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு கொண்டுவந்தும், கேட்டால் எடுத்துக் கொடுக்கிற பழக்கம் போகவில்லை. இதனால் நம் ஊரில் எத்தனை பேர் வருடக்கணக்கில் அரித்துக்கொண்டு திரிகிறார்கள் என்று பார்க்கும்போது மனசு கொதிக்கிறது.

பூஞ்சை மருந்து வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். அதனால் குடலிறக்கத்துக்கு நாள் குறிக்கும் அன்றே, வெட்கப்படாமல் படையைக் காட்டிவிடுங்கள். ஒரு மாத அவகாசம் இருந்தால் சரிசெய்துகொண்டு போகலாம். ஜட்டி, துண்டு, படுக்கை விரிப்பைத் தனியாகத் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவரும் சேர்ந்து வைத்தியம் பார்க்க வேண்டும்.

அப்பச்சிக்கு விலாவுல அக்கி. வேளார்கிட்ட எழுதிட்டு வரலாமா?

மண்பாண்டம் செய்யும் வேளார் கொப்புளத்தின்மேல் காவி பூசி அக்கி எழுதுவது நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. எங்கள் ஆயாவுக்கும் காவியில் சிங்கம் வரைந்து எழுதியிருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

அக்கி என்பது சிறுவயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பில் தூங்கிக்கிடந்து மறுபடி எழுவது. உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாக வரும். கொப்புளம் தெரியும் முன்னாலேயே எரிச்சலும் குத்தலும் இருக்கும். இதற்குக் கிருமியைக் கட்டுப்படுத்தும் மாத்திரை உண்டு. கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். வயதானவர்களுக்குப் புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நரம்பு வலி நிற்கும் அபாயம் இருக்கிறது. எழுதுகிறவரைத் தேடிப் போகிற இரண்டு மூன்று நாளில் அந்த 72 மணி நேரம் போய்விடும். முதலில் டாக்டரைப் பாருங்கள். அடுத்து, கொப்புளத்தின்மேல் செம்மண் பூச்சு காய்ந்திருந்தால் கீழே சீழ் பிடிப்பது தெரியாது. டாக்டரும் பார்க்க முடியாது.

ஆபரேஷனைப் பொறுத்தவரை, கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை காத்திருக்கக்கூடியதைத் தள்ளி வைப்பார்கள். வழக்கமாக ஒரு வாரம், பத்து நாளில் பொருக்குத் தட்டும். அதுவரை கொப்புளத்து நீர் பட்டால், அம்மை வராதவர்களுக்கு அது சின்னம்மையாக வரலாம். வீட்டில் கர்ப்பிணியோ பச்சைக் குழந்தையோ இருந்தால் அப்பச்சியின் துண்டையும் படுக்கையையும் தனியாக வையுங்கள்.

பேரனுக்கு அம்மை போட்டிருக்கு. ஆச்சிக்குப் பத்து நாள்ல ஆபரேஷன். வீட்டுல அம்மை இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குச் சொல்லக்கூட யோசனையா இருக்கு.

யோசனை எனக்குப் புரிகிறது. வாசலில் வேப்பிலை செருகியிருக்கும் வீட்டில் அதைப் பற்றி வெளியே பேசத் தயங்குவார்கள். அந்த பக்தி அப்படியே இருக்கட்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் புற்றுநோய் மருந்து ஏறிக்கொண்டிருப்பவர் படுத்திருக்கலாம். அவருக்குச் சின்னம்மை வந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆச்சிக்குச் சின்ன வயதில் சின்னம்மை வந்திருந்தால் பெரும்பாலும் மறுபடி வராது. வந்ததா என்று நினைவில்லையென்றால் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் பார்க்க முடியும். கிருமி உடம்பில் ஏறி 10 முதல் 21 நாளுக்குள் கொப்புளம் கிளம்பும். கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்குத் தொற்றும். அதனால்தான் ஆச்சி நன்றாக இருக்கும்போதே சொல்லச் சொல்கிறேன். பேரனுக்கு முதல் கொப்புளம் வந்த தேதியைக் குறித்துக் கொடுங்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டோம் என்பது கணக்கு இல்லை. கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டியதா என்பதுதான் கணக்கு.

முட்டி ஆபரேஷனுக்கு முதுகுல என்ன பார்வை?

முழங்காலுக்குப் பெரும்பாலும் இடுப்புக்கு மேலே முதுகுத்தண்டில் ஊசி போட்டு மரக்கச் செய்வார்கள். ஊசி குத்தும் இடத்தில் சீழ்க் கட்டியோ அக்கியோ வடிகிற புண்ணோ இருந்தால் அங்கே குத்த மாட்டார்கள், ஏனென்றால் கிருமி மூளையுறை வரைக்கும் போகலாம். வேறு இடமோ முழு மயக்கமோ யோசிப்பார்கள். புடவை, வேட்டி இறுக்கிக் கட்டும் இடம் அது, வியர்த்துப் புண்ணாகும். தன் முதுகைத் தானே பார்க்க முடியாது. வீட்டில் ஒருவர் பாருங்கள்.

வீட்டுல எல்லாருமே ராத்திரி சொறியிறோம். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள் பக்கம்.

சிரங்குப் பூச்சி. பெர்மெத்ரின் 5 சதவீத கிரீமைக் கழுத்திலிருந்து கால் வரை, விரல் இடுக்கு, நகத்தடி விடாமல் ராத்திரி பூசிக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரத்தில் மறுபடி ஒருமுறை. வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரியில் பூசாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். குழந்தை, கர்ப்பிணிக்கு டாக்டரைக் கேட்டுப் பூசுங்கள். பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும் என்பதையும் ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுங்கள்.

அரிப்புக்கு மாத்திரை போட்டுக்கலாமா? ஒருத்தர் பொட்டலத்துல மாத்திரை மடிச்சுக் கொடுத்தார், உடனே கேட்டுச்சு.

உடனே கேட்கிற பொட்டலத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அதில் ஸ்டீராய்டு மாத்திரை இருக்கலாம். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், காயம் ஆறுவதைத் தாமதமாக்கும், கிருமிக்கு இடம் கொடுக்கும். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்தோ நின்றோ போயிருக்கலாம். ஆபரேஷன் நேரத்தில் ரத்த அழுத்தம் திடீரென்று விழலாம். மயக்க மருந்து டாக்டருக்கு முன்பே தெரிந்தால் அதற்கு ஊசி வைத்திருப்பார். தெரியாவிட்டால் காரணம் புரியாமல் தவிப்பார். பொட்டலத்தை எறியாமல் எடுத்து வாருங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

முட்டிக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான். போட்டு மூன்று மாதத்துக்குள் அதே முட்டியை மாற்றினால் கிருமி பிடிக்கும் அபாயம் கூடும். எங்கே, எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று சொல்ல வேண்டும்.

செடிரிசின் மாதிரி சாதாரண ஒவ்வாமை மாத்திரைகளுக்குப் பெரும்பாலும் தடை இருக்காது. ஆனாலும் மயக்க மருந்து டாக்டரைக் கேட்டே போடுங்கள், சில மாத்திரைகள் தூக்கத்தைக் கூட்டும். சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட்டோ ஊசியோ எடுக்கிறவர்கள், தோல் டாக்டரையும் ஆபரேஷன் டாக்டரையும் இரண்டு பேரையும் கேட்காமல் ஒன்றையும் நிறுத்தக் கூடாது. சித்த மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முந்தின நாள் நாமளே முடி எடுத்துட்டுப் போகலாமா?

வேண்டாம். சவரக்கத்தி கண்ணுக்குத் தெரியாத நூறு கீறல் போடும். மறுநாள் காலையில் அதுவே தடிப்பாக எழும்பி நிற்கும். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சவரம் கூடாது என்றே சொல்கிறது. தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியிலேயே கிளிப்பர் வைத்து வெட்டுவார்கள்.

குளிக்கச் சொல்லி குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொடுத்திருந்தால் கண், காதில் படாமல் பாருங்கள். அது பட்டுத் தடித்தால் கட்டாயம் சொல்லுங்கள். தியேட்டரில் தோல் துடைக்க மட்டுமில்லாமல் சிறுநீர்க் குழாய் போடும் ஜெல்லிலும் அது இருக்கலாம். உள்ளே போனால் ஒவ்வாமை கடுமையாகும். ஈசிஜி ஒட்டிய இடத்திலும் பிளாஸ்திரி போட்ட இடத்திலும் முன்பு தடித்திருந்தால் அதுவும் தேவையான செய்திதான்.

நண்டு, இறால் சாப்பிட்டா எனக்குத் தடிக்கும். அப்ப அயோடின் மருந்து போடக்கூடாதுன்னு சொல்றாங்களே?

நண்டில் ஒவ்வாதது அதிலுள்ள ஒரு புரதம், அயோடின் அல்ல. அதனால் நண்டு ஒத்துக்கொள்ளாதவருக்கு அயோடின் ஆகாது என்று அர்த்தமில்லை. நண்டு ஒவ்வாமையைச் சொல்லுங்கள். அயோடின் பட்டே முன்பு தடித்திருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

கத்தரிக்காய், கருவாடு எல்லாம் நிறுத்திக் கஞ்சியும் துவையலுமா ஆத்தாவுக்குக் கொடுக்கிறோம்.

எதைச் சாப்பிட்டால் தடிக்கிறது என்று உறுதியாகத் தெரியுமோ அதை மட்டும் நிறுத்துங்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, மீன், கோழி ஒத்துக்கொள்கிறவருக்கு ஆபரேஷனுக்கு முந்தைய வாரத்தில் பத்தியம் போட்டு ஒடுக்குவது நல்லதல்ல. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவருக்குக் கஞ்சி மட்டும் கொடுத்தால் சர்க்கரை தாறுமாறாகும்.

மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பூசினா என்ன தப்பு?

சாதாரண நாளில் பூசுவது உங்கள் விருப்பம். ஆபரேஷனுக்கு முன் வேண்டாம். மஞ்சள் நிறம் ஏறினால் சிவப்பு அதிகமாகிறதா குறைகிறதா என்று டாக்டருக்குத் தெரியாது. அம்மியில் அரைத்த விழுது கிருமி இல்லாததும் இல்லை. வெடித்த தோலில் மஞ்சளே சிலருக்கு எரிச்சல் தரும்.

இதோடு சேர்த்து ஒன்று. மாசி-பங்குனியில் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கக் காப்புக் கட்டியவர்கள், கையிலிருக்கும் கயிற்றைத் தியேட்டரில் அவிழ்க்கச் சொன்னால் கலங்கிப் போவார்கள். ஈரமும் மஞ்சளும் ஊறிய கயிற்றுக்கடியில் தோல் தடித்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். காத்திருக்கக்கூடிய ஆபரேஷன் என்றால் நேர்த்திக்கடன் முடித்து, காப்பு அவிழ்த்து, வெயிலில் நடந்த பாதம் ஆறிய பிறகு தேதி வாங்குங்கள். டாக்டரிடம் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

மகளுக்கு ஒன்பதாம் மாசம், சிசேரியனுக்கு நாள் குறிச்சாச்சு. உடம்பெல்லாம் அரிக்குது.

வயிற்று வரிகளில் ஆரம்பித்துத் தொப்புளை விட்டுவிட்டுச் சின்னச் சின்னத் தடிப்பாகப் பரவினால் அது கடைசி மாதங்களில் வரும் ஒரு தடிப்பு. பாடாய்ப் படுத்தும், ஆனால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

தடிப்பே இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்கால் அரித்து, ராத்திரியில் கூடினால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ஈரலில் பித்தம் தேங்குவதால் வரும் அரிப்பாக அது இருக்கலாம். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ஆபத்தாகலாம். ரத்தத்தில் ஈரல் சோதனையும் பித்த அமிலமும் பார்ப்பார்கள். பிரசவத்தைத் தள்ளாமல் முன்கூட்டியே எடுக்கவும் சொல்லலாம். "மாசம் ஏறினா அரிக்கத்தான் செய்யும்" என்று வீட்டில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கண்புரைக்கு?

இமை ஓரத்தில் செதில், கட்டி, கண்ணில் பீளை, சொட்டு மருந்து விட்டபின் இமை தடிப்பது எதுவானாலும் சொல்லுங்கள். கண்ணுக்குள் கிருமி போனால் பார்வையே போகலாம். புரை சில வாரம் காத்திருக்கும்.

தள்ளிப் போட்டுட்டாங்க. இனி நல்ல நாள் பார்க்கணும், காப்பீட்டுக்கு வேற திரும்ப அலையணும்.

முதல்வர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி வாங்கியிருந்தால், ஆஸ்பத்திரியிலுள்ள காப்பீட்டு கவுன்ட்டரில் அன்றே போய்த் தேதி மாறியதைச் சொல்லுங்கள். அனுமதி எதுவரை செல்லும், புதுப்பிக்க வேண்டுமா என்று அவர்களே பார்ப்பார்கள். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, பிட்னஸ் சீட்டு எத்தனை நாளுக்குச் செல்லும் என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள். நிறுத்திய ரத்த மெலிவு மாத்திரையை மறுபடி எப்போது தொடங்குவது என்று கேட்காமல் வீட்டுக்கு வராதீர்கள். பலரும் மறப்பது இதைத்தான், பக்கவாதமே வரலாம்.

நாள் பார்ப்பதைப் பொறுத்தவரை, தோல் ஆறும் நாளை முதலில் தோல் டாக்டரிடம் கேளுங்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி கொடுக்கும் இரண்டு மூன்று தேதிகளில் அஷ்டமி, நவமி இல்லாததைப் பார்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைக்கும் ஒன்று சொல்வேன். லீவு முடிகிறதே என்று ஆத்தா காதில் விழும்படி பேசாதீர்கள், தம்பி. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர்கள் தடிப்பை மறைக்கிறார்கள்.

தடிப்பு அமுங்கிப் போச்சு. நாளைக்குக் காலையில அட்மிஷன். இனியும் சொல்லணுமா?

சொல்லுங்கள். எந்த இடத்தில் வந்தது, எந்தத் தேதியில் வந்து எந்தத் தேதியில் அடங்கியது, என்ன போட்டீர்கள், எந்த மருந்துக்கு முன்பு ஒவ்வாமை, அப்போது எத்தனை நேரத்தில் என்ன ஆனது என்று ஒரு தாளில் தமிழிலேயே எழுதி மருந்துச் சீட்டுகளோடு வையுங்கள். அட்மிஷனில் ஒருமுறை, மயக்க மருந்து டாக்டர் வரும்போது ஒருமுறை, தியேட்டருக்குள் பெயர் கேட்டுச் சரிபார்க்கும்போது ஒருமுறை. அந்த மூன்றாவது முறை பெயரும் ஊரும் கேட்பது ஒரு நர்ஸ்தான். அவளிடம் தடிப்பு இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள், அவள் விளக்கைத் திருப்பிப் பார்ப்பாள்.